ஆட்டக்காரர் உடுப்பும் அபிமானியின் உரிமையும்

கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஆட்டக்காரரின் திறமையைப் பற்றிப் பேசுவர். அல்லது கோல்களின் கணக்கைப் பற்றிப் பேசுவர். நான் இன்று பேசப் புகுவது அவர்கள் அணியும் உடுப்பைப் பற்றி. நிறத்தையும் கோட்டையும் கண்ணுக்குக் காட்ட இயலாத வானொலியில் உடுப்பைப் பற்றிப் பேசுவது சற்றே விந்தையாகத் தோன்றலாம். ஆயினும், நான் சொல்ல வந்தது துணியின் அழகை மட்டும் பற்றியதன்று. ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் ஆண்டுதோறும் புதிய உடுப்புகளை வெளியிடுகின்றன. அவற்றைக் கண்டு அபிமானிகளுள் ஒரு சாரார் மகிழ்கின்றனர். மற்றொரு சாரார் சினக்கின்றனர். “ஒரு சட்டைக்காகவா இவ்வளவு கூச்சல்?” என்று கேட்போரும் உளர். அந்தக் கூச்சலில் நியாயம் உண்டா, உண்டென்றால் எந்த அளவுக்கு உண்டு என்பதையே இன்று ஆராய விரும்புகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பணியாற்றியவன். அதே அளவு காலம் இந்த ஆட்டத்தின் அபிமானியாகவும் இருந்தவன். அந்த இரண்டு தகுதிகளும் போதும் என்று எண்ணுகிறேன்.

முதலில், ஆட்டத்துக்கென்று தனி உடுப்பு ஏன் ஏற்பட்டது என்பதைப் பார்ப்போம். நம் பள்ளிக்கூடத்து விளையாட்டுத் திடலை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை வேளையில் உடற்பயிற்சி ஆசிரியர் பிள்ளைகளை இரண்டு கட்சியாகப் பிரிக்கிறார். ஒரு கட்சி சட்டையோடு ஆடும். மறு கட்சி சட்டையைக் கழற்றிவிட்டு ஆடும். காசு செலவில்லாத ஏற்பாடு. உடுப்பின் முதல் நோக்கம் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் விளக்க முடியாது. தன் பக்கத்தான் யார், எதிர்ப்பக்கத்தான் யார் என்று ஓடும் ஓட்டத்திலேயே தெரிய வேண்டும். பழந்தமிழ் வேந்தர் மூவரும் போர்க்களத்தில் வெவ்வேறு பூவைச் சூடினர். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்திப்பூ, பாண்டியனுக்கு வேப்பம்பூ. பகைப்படைக்கு நடுவே தம்மவரை அடையாளம் கண்டுகொள்வதே அதன் பயன் என்று தொல்காப்பியப் புறத்திணையியல் கருதுகிறது. இன்றைய ஆட்ட விதிகளுள் நான்காம் விதி சொல்வதும் ஏறத்தாழ இதுவே. இரு குழுவினரும் ஒருவரினின்று ஒருவரும், நடுவரினின்றும் வேறுபட்டுத் தோன்றும் நிறங்களை அணிய வேண்டும். கோல் காப்பாளரின் நிறம் எல்லாரினின்றும் வேறாக இருக்க வேண்டும்.

ஆகவே, புதிய உடுப்பு ஒன்று வெளிவரும்போது நான் கேட்கும் முதற் கேள்வி, “இது அழகாக இருக்கிறதா?” என்பதன்று. “இது தெரிகிறதா?” என்பதே. இக்கேள்வியை மறந்தவர்கள் பட்ட பாட்டுக்கு ஒரு சான்று சொல்கிறேன். 1996-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், இங்கிலாந்தின் புகழ்பெற்ற கழகமாகிய மான்செஸ்டர் யுனைடெட், சௌதாம்ப்டன் நகரில் ஆடியது. அன்று அவர்கள் அணிந்திருந்தது சாம்பல் நிற மாற்றுடுப்பு. இடைவேளைக்குள் மூன்று கோல்களை வாங்கிக்கொண்டார்கள். இடைவேளை முடிந்து திரும்பி வரும்போது அவர்கள் உடலில் நீலமும் வெள்ளையும் கலந்த வேறோர் உடுப்பு இருந்தது. கூட்டத்தின் பின்னணியில் சாம்பல் நிறம் கரைந்துபோய், ஆட்டக்காரர் ஒருவரையொருவர் காண இயலவில்லை என்று அவர்களுடைய பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குஸன் பின்னர் காரணம் கூறினார். இரண்டாம் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். மேலும் கோல் வாங்கவில்லை. ஆட்டம் மூன்றுக்கு ஒன்று என்று தோல்வியில் முடிந்தது. அந்தச் சாம்பல் உடுப்பு அதன்பின் மைதானத்துக்கு வரவேயில்லை. தோற்றவர் சொல்லும் சாக்கு இது என்று நகைத்தவர்களும் உண்டு. எனினும், கடைக் கண்ணாடிக்குள் அழகாகத் தோன்றிய நிறம், ஆயிரக்கணக்கானோர் கூடியிருக்கும் மைதானத்தில் அதே அழகோடு தோன்றும் என்று கொள்ளலாகாது என்பது மட்டும் உறுதியாயிற்று.

இதே வகையில் மற்றொரு நிகழ்ச்சி, 1978-ஆம் ஆண்டு அர்ஜென்டினாவில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில் நேர்ந்தது. மார் டெல் பிளாட்டா என்னும் கடற்கரை நகரில் பிரான்ஸும் ஹங்கேரியும் ஆட வேண்டும். இரு குழுவினரும் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார்கள்! அக்காலத்தில் பல வீடுகளில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியே இருந்தது. அதில் பார்ப்போருக்கு வேறுபாடு தெரிவதற்காக, ஒரு குழு வெளிர்நிறமும் மற்றொரு குழு அடர்நிறமும் அணியும்படி ஏற்பாடு செய்திருந்தனர். அந்த ஏற்பாட்டைப் பற்றிய குழப்பத்தால் இப்படி ஆயிற்று. கடைசியில், அவ்வூர்க் கழகமாகிய கிம்பர்லியிடம் பச்சையும் வெள்ளையுமான கோடு போட்ட சட்டைகளை இரவல் வாங்கிப் பிரெஞ்சுக்காரர் ஆடினர், வென்றும் விட்டனர். ஆட்டம் தாமதமாகத்தான் தொடங்கியது.

கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியின் காலம் போய்விட்டது; ஆயினும் அந்த எச்சரிக்கையின் தேவை போய்விடவில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்குறை உடையவர்கள் பலர் உளர். ஐரோப்பிய வழியினரான ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர் என்று கணக்கிடுகின்றனர். 2018-ஆம் ஆண்டு உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் ரஷ்யர் சிவப்பும் சௌதி அரேபியர் பச்சையும் அணிந்து ஆடினர். நமக்கு அது கண்கொள்ளாக் காட்சி. இக்குறையுடையவருக்கோ இருபதின்மரும் ஒரே கட்சியாகத் தோன்றினர். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையனுக்குக் கரும்பலகை தெரிகிறதா என்று பார்ப்பது நல்லாசிரியரின் வழக்கம். உடுப்பை வகுப்பவர்களும் அந்தக் கடைசி வரிசைக்காரரை நினைக்க வேண்டும்.

இனி, இரண்டாம் கேள்விக்கு வருவோம். உடுப்பு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. அது அபிமானிக்கு அவன் குழுவாகவே தெரிய வேண்டும். ஆட்டக்காரர் வருவர், போவர். பயிற்சியாளர் மாறுவர். கழகத்தின் உடைமையாளரும் மாறுவர். மைதானத்தைக்கூட இடித்துவிட்டு வேறிடத்தில் கட்டுவதுண்டு. பாட்டனுக்கும் பேரனுக்கும் பொதுவாக எஞ்சி நிற்பது அந்த நிறம் ஒன்றே. அதனால்தான், நிறத்தின்மேல் கை வைக்கும்போது அபிமானி பதறுகிறான்.

வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் சிட்டி கழகத்தின் கதை இதற்கு நல்ல விளக்கம். அக்கழகத்தார் 1908-ஆம் ஆண்டு முதல் நீலம் அணிந்து வந்தவர்கள். ‘நீலப் பறவைகள்’ என்பது அவர்களுடைய செல்லப் பெயர். 2012-ஆம் ஆண்டில், கழகத்தின் உடைமையாளரும் மலேசியச் செல்வருமாகிய வின்சென்ட் டான், நீலத்தைச் சிவப்பாக மாற்றினார். ஆசிய நாடுகளில் சிவப்பு மங்கல நிறம். அங்கே கழகத்துக்குப் புதிய ஆதரவாளர் கிடைப்பர் என்பது அவர் எண்ணம். கழகத்துக்கு அவர் பெரும்பொருள் தருபவர் என்பதையும் மறத்தலாகாது. அபிமானிகள் இரண்டுபட்டனர். “பணம் இல்லாமல் கழகம் அழிவதைவிடச் சிவப்பு மேல்” என்றனர் சிலர். “நீலம் இல்லாத கழகம் நம் கழகமே அன்று” என்றனர் சிலர். அடுத்த ஆண்டே, அதாவது 2013-இல், கார்டிஃப் குழு தன் பிரிவில் முதலிடம் பெற்று, இங்கிலாந்தின் மிக உயர்ந்த பிரிவுக்கு ஏறியது. வெற்றி வந்ததே, இனி நிறத்தைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள் என்று உடைமையாளர் எண்ணியிருக்கலாம். ஆனால், அபிமானிகள் நீலத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்து சிவப்புக் குழுவை ஊக்கினார்கள். இறுதியில், 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது. ஒற்றுமையும் மகிழ்ச்சியும் பெரியவை என்று தம் தாயார் எடுத்துரைத்ததும் இம்முடிவுக்கு ஒரு காரணம் என்று டான் தெரிவித்தார். அந்த அம்மையாரை நான் மனமாரப் போற்றுகிறேன்.

இவ்வளவு கேட்டபின், நேயர்களுள் சிலர் என்னை மாற்றம் எதுவும் கூடாதென்று சொல்லும் பழமைவாதி என்று கருதலாம். அப்படியன்று. இன்று நாம் மரபு என்று போற்றும் உடுப்புகளில் பல, ஒரு காலத்தில் புதுமையாகவோ தற்செயலாகவோ வந்தவையே. இத்தாலி நாட்டு யுவென்டஸ் கழகம் தூரின் நகரத்து மாணவர்களால் 1897-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அவர்கள் முதலில் அணிந்தது இளஞ்சிவப்புச் சட்டை. 1903-ஆம் ஆண்டில், ஜான் சாவேஜ் என்ற ஆங்கிலேயர் வாயிலாக, நாட்டிங்காம் நகரிலிருந்து நாட்ஸ் கவுண்டி கழகத்தின் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைகள் வந்து சேர்ந்தன. வந்த சட்டையை அணிந்தார்கள். அதுவே அவர்கள் முகமாயிற்று. 2011-ஆம் ஆண்டில் தூரினில் புதிய மைதானத்தைத் திறந்தபோது, அந்தப் பழைய நன்றியை நினைந்து, நாட்ஸ் கவுண்டி குழுவையே முதல் ஆட்டத்துக்கு அழைத்தனர். இரவல் சட்டைக்கு நூறாண்டு கழித்தும் நன்றி பாராட்டிய பண்பு மெச்சத்தக்கது.

அதே யுவென்டஸ், 2019-ஆம் ஆண்டில் கோடுகளைக் கைவிட்டது. பாதி கறுப்பு, பாதி வெள்ளை, நடுவே மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு ஒன்று என்று புதிய உடுப்பு வந்தது. தனியே வைத்துப் பார்த்தால் அது அழகில்லாத உடுப்பு என்று சொல்லமாட்டேன். பழைய இளஞ்சிவப்பை நினைவூட்டும் நல்லெண்ணமும் அதில் இருந்தது. ஆனால், அபிமானிகளில் பலர் அதை ஏற்கவில்லை. அந்த ஆண்டில் அவர்கள் இத்தாலியச் சாம்பியன் பட்டத்தை வென்றனர். வென்றும்கூட, அடுத்த ஆண்டில் கோடுகள் மீண்டும் வந்துவிட்டன. பார்சிலோனா கழகமும் 2015-ஆம் ஆண்டில் தன் நெடுங்கோடுகளைக் குறுக்குப் பட்டைகளாக ஆக்கிப் பார்த்து, மறு ஆண்டே நெடுங்கோட்டுக்குத் திரும்பியது. நிறம் அதேதானே என்று நாம் கேட்கலாம். ஒரு வீட்டாரின் கோலத்தில் புள்ளிகள் அதே எண்ணிக்கையில் இருந்தாலும், இழை மாறினால் வேறு கோலம் ஆகிவிடுகிறது அல்லவா?

அப்படியானால், எந்த மாற்றம் நிலைக்கும்? எந்த மாற்றம் நிலைக்காது? பிரேஸில் நாட்டின் மஞ்சள் சட்டை இதற்கு விடை தருகிறது. 1950-ஆம் ஆண்டு வரை பிரேஸில் குழுவினர் வெள்ளைச் சட்டையே அணிந்தனர். அவ்வாண்டு, தங்கள் நாட்டிலேயே மரக்கானா மைதானத்தில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் உருகுவே நாட்டிடம் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றனர். நாடே துக்கம் கொண்டாடியது. வெள்ளைச் சட்டை நாட்டின் இயல்பைக் காட்டவில்லை என்ற பேச்சு எழுந்தது. 1953-ஆம் ஆண்டில், ‘கொரெய்யோ ட மன்யா’ என்ற ரியோ நகரத்து நாளிதழ் ஒரு போட்டியை அறிவித்தது. நாட்டுக் கொடியின் நான்கு நிறங்களாகிய மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை ஆகியவற்றை ஒருங்கே கொண்ட உடுப்பை யார் வேண்டுமானாலும் வரைந்து அனுப்பலாம். வென்றவர் ஆல்டிர் கார்சியா ஷ்லீ என்ற பத்தொன்பது வயது இளைஞர். பச்சை ஓரம் வைத்த மஞ்சள் சட்டை, நீலக் கால்சட்டை, வெள்ளைக் காலுறை என்று அவர் வகுத்தார். உருகுவே எல்லையை ஒட்டிய ஊரில் பிறந்தவர் அவர். ஆட்டத்தில் அவருடைய அன்பும் உருகுவே நாட்டின் பக்கமே இருந்தது என்பது வேடிக்கை. 1954-ஆம் ஆண்டில் அந்த மஞ்சள் சட்டை மைதானத்துக்கு வந்தது. இன்று உலகத்தின் எந்த மூலையிலும் அதை அறியாத சிறுவன் இல்லை.

கார்டிஃப் சிவப்பு இரண்டரை ஆண்டில் மறைந்தது. பிரேஸில் மஞ்சள் எழுபது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. இரண்டும் முழு மாற்றங்களே. வேறுபாடு எங்கே? பிரேஸிலில் மக்கள் மனத்தில் எழுந்த ஒரு குறையைத் தீர்க்க, மக்களையே அழைத்து, கொடியிலிருந்தே நிறத்தை எடுத்தனர். கார்டிஃபில் ஒருவர் எண்ணினார், மற்றவர்களுக்கு அறிவித்தார். ஆகவே என் கருத்து இதுதான்: நிறத்துக்குச் சொந்தக்காரர் அபிமானிகள், கழகத்தார் அதன் தருமகர்த்தாக்கள். கோயில் நகையைத் துடைத்து மெருகிடத் தருமகர்த்தாவுக்கு உரிமை உண்டு. அதை உருக்கி வேறொன்று செய்ய ஊரைக் கேட்க வேண்டும்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1911-ஆம் ஆண்டில், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவின் குழுவை வென்று, ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது கல்கத்தாவின் மோகன் பகான் கழகம். பச்சையும் அரக்குச் சிவப்பும் அதன் நிறங்கள். 2020-ஆம் ஆண்டில் அது மற்றொரு கழகத்தோடு இணைந்தபோது பெயரின் முன்னால் அந்தக் கழகத்தின் எழுத்துகள் ஏறின. அபிமானிகள் விடாது எதிர்த்தனர். 2023-ஆம் ஆண்டில் அவ்வெழுத்துகள் நீங்கின. ஆனால், இந்த இணைப்பின்போதும் பச்சையையும் அரக்கையும் தொட எவரும் துணியவில்லை. வங்காளத்தாரின் மனத்தை அறிந்து செய்த விவேகம் அது.

நிறத்தைக் காத்துக்கொண்டு, அதன் எல்லைக்குள் புதுமை செய்வதை நான் வரவேற்கிறேன். 1990-ஆம் ஆண்டில் உலகக் கோப்பையை வென்ற மேற்கு ஜெர்மனியின் வெள்ளைச் சட்டையில், நாட்டுக் கொடியின் கறுப்பு, சிவப்பு, பொன் நிறங்கள் மார்பின் குறுக்கே வளைந்து நெளிந்து ஓடின. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. ஆனால் அதற்கொரு புதிய உயிர் வந்தது. மாற்றுடுப்பில் இன்னும் கொஞ்சம் துணிவு காட்டலாம். 2024-ஆம் ஆண்டில் அதே ஜெர்மனி இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த மாற்றுடுப்பை வெளியிட்டபோது ஏளனம் செய்தவர் பலர். சில வாரங்களிலேயே அதை விரும்பி வாங்கியவர் அவர்களைவிடப் பலர். ஆனால், அந்த உடுப்பிலேயே ஒரு சிறு விஷயம் பெருஞ்சிக்கல் ஆயிற்று. நான்கு என்ற எண்ணை இரண்டு முறை எழுதினால், அது நாஜிப் படை ஒன்றின் சின்னத்தை ஒத்திருப்பதாகச் சுட்டிக்காட்டினர். உடனே 44 என்ற எண்ணைச் சட்டையில் அச்சிட்டு விற்பதை நிறுத்தி, எண்ணின் வடிவையும் மாற்றினர். அதே ஆண்டில், இங்கிலாந்துச் சட்டையின் கழுத்துப்பட்டையின் பின்புறம் புனித ஜார்ஜின் செஞ்சிலுவையை நீலமும் ஊதாவுமாக மாற்றி வரைந்ததற்கு அந்நாட்டுப் பிரதமரே ஆட்சேபம் தெரிவித்தார். 1966-ஆம் ஆண்டு வீரர்களின் பயிற்சி உடுப்பின் நிறங்கள் அவை என்று உடுப்புக்காரர் விளக்கினர். என் அபிப்பிராயத்தில், அந்தச் சிறு சிலுவையால் உடுப்பு கெடவில்லை. ஆனால், கொடியைத் தொடும்போது முன்னமே விளக்கம் சொல்லியிருக்கலாம்.

அந்தச் சிலுவையைப் பற்றி எழுந்த கூச்சலில், அதைவிடப் பெரிய செய்தி ஒன்று பலர் காதில் விழாமல் போயிற்று. அது விலை. ஆட்டக்காரர் அணிவதற்கு ஒப்பான சட்டையின் விலை அப்போது ஏறத்தாழ 125 பவுனாக இருந்தது; சாதாரண வகையின் விலை ஏறத்தாழ 85 பவுனாக இருந்தது. இதுவே என் மூன்றாம் கேள்வி. அபிமானியால் அதை வாங்க முடிகிறதா?

ஆட்டக்காரரின் சட்டையை அபிமானியும் வாங்கி அணியும் வழக்கம் மிகப் பழையதன்று. 1970-களின் நடுப்பகுதியில், அட்மிரல் என்ற ஆங்கில நிறுவனம் லீட்ஸ் கழகத்துக்கும் பிறகு இங்கிலாந்துக் குழுவுக்கும் தனி வடிவில் உடுப்பு வகுத்து, அதன் நகலைச் சிறுவர்களுக்கு விற்றது. அதன்பின் அது பெருவாணிகமாக வளர்ந்தது. 2003-ஆம் ஆண்டில், இச்சட்டைகளின் விலையைத் தமக்குள் பேசி உயர்த்தி வைத்திருந்தார்கள் என்று, பிரிட்டிஷ் வாணிகக் கண்காணிப்பு அலுவலகம் பத்து நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. வீட்டு ஆட்டத்துக்கு ஒன்று, வெளியூருக்கு ஒன்று, மூன்றாவதாக ஒன்று என்று ஆண்டுக்கு மூன்று வகை வெளியிடுவது இன்று பெரிய கழகங்களில் வழக்கமாகிவிட்டது. என் பேரனும் சென்ற ஆண்டு ஒரு கழகத்தின் புதுச் சட்டை வேண்டுமென்றான். “பழைய சட்டை கிழிந்துவிட்டதா?” என்று கேட்டேன். “இல்லை தாத்தா, அது போன வருஷத்துச் சட்டை” என்றான். சட்டை கிழியாமலே பழையதாகிவிடும் இந்த வித்தையை எந்த நெசவாளியும் செய்யவில்லை, விற்பனைக்காரர் செய்தது.

பள்ளிக்கூடத்தில் நாம் சீருடை வைத்தது எதற்காக? மிராசுதாரர் மகனும் கூலிக்காரர் மகனும் ஒரே பெஞ்சில் வேறுபாடு தெரியாமல் உட்கார வேண்டும் என்பதற்காக. மைதானத்தின் படிக்கட்டில் ஒரே நிறம் அணிந்து நிற்கும் அபிமானிக் கூட்டத்துக்கும் அந்தச் சிறப்பு உண்டு. நீதிபதியும் சுமைகூலியும் அங்கே ஒரு கட்சி. இந்த ஆண்டுச் சட்டை, போன ஆண்டுச் சட்டை, உயர்ந்த வகை, தாழ்ந்த வகை என்று பிரித்துவிட்டால், ஒன்றாக்க வந்த உடுப்பே வேற்றுமையைக் காட்டும் கருவியாகிவிடும். தந்தையின் சம்பளத்தைச் சட்டையில் படிக்கும்படி எந்தச் சிறுவனையும் நிறுத்தலாகாது.

ஆதலின், புதிய உடுப்பு வகுக்கும் கழகத்தாருக்கு நான் சொல்லக்கூடியவை இவை. கடைசி வரிசையில் இருப்பவன் கண்ணுக்கும், நிறம் பிரித்தறிய இயலாதவன் கண்ணுக்கும் அது தெரியட்டும். கழுத்திலும் கையிலும் ஓரத்திலும் எவ்வளவு புதுமை வேண்டுமானாலும் செய்யுங்கள். அடிநிறத்தையும் அடிக்கோலத்தையும் மாற்ற எண்ணினால், அபிமானிகளை முன்கூட்டியே கேளுங்கள். முதன்மை உடுப்பை இரண்டு ஆண்டுகளேனும் மாற்றாமல் வையுங்கள். அபிமானிகளுக்கும் ஒரு சொல் உண்டு. புதியது என்பதற்காகவே ஒன்றைப் பழிக்காதீர்கள். நாலைந்து ஆட்டம் பொறுத்துப் பாருங்கள். போன ஆண்டுச் சட்டையோடு வந்து நிற்கும் பையனை உங்கள் வரிசையில் இடம்விட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அவனும் உங்கள் கட்சிதான்.